கறிவேப்பிலைத் தொட்டியும் நீச்சல் குளச் சான்றிதழும்

வேலை மாற்றத்தால் சிட்னி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊர் மாற வேண்டி வந்தது. பின்பக்கம் நீச்சல் குளம் உள்ள வீடு. முகவர் முதலில் கேட்டதே, "குளத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா?" என்றுதான். நியூ சவுத் வேல்ஸில் 2016 ஏப்ரல் 29 முதல், குளம் உள்ள வீட்டை வாடகைக்கு விடுபவர் குளத்தின் வேலி பாதுகாப்பு விதிகளின்படி இருக்கிறது என்று சொல்லும், செல்லுபடியாகும் இணக்கச் சான்றிதழின் நகலை ஒப்பந்தத்தோடு கொடுத்தாக வேண்டும். குளம் மாநிலப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். பதிவை எப்போதோ இணையத்தில் முடித்துவிட்டோம், அது சில நிமிட வேலை. சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். எங்களுடையது காலாவதியாகி வெகு நாளாகியிருந்தது.

ஆய்வுக்கு உள்ளூர் கவுன்சிலையும் அழைக்கலாம், உரிமம் பெற்ற தனியார் ஆய்வாளரையும் அழைக்கலாம். நாங்கள் தனியாரை அழைத்தோம். அவர் வருவதற்கு முந்தின நாள் டேப்போடு நானே ஒரு சுற்று வந்தேன். வேலி 1.2 மீட்டருக்குக் குறையவில்லை. கம்பிகளுக்கு நடுவிலும் வேலிக்கு அடியிலும் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இல்லை. கேட் வெளிப்பக்கமாகத்தான் திறக்கிறது. சரி, ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

ஆய்வாளர் வேலியை அளப்பதற்கு முன்னால் கேட்டுக்குத்தான் போனார். அகலத் திறந்து விட்டார். டக்கென்று தானாகச் சாத்திக்கொண்டது. பாதி திறந்து விட்டார், அப்போதும் பூட்டிக்கொண்டது. அப்புறம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து மெதுவாகக் கையை எடுத்தார். கேட் நகர்ந்து வந்து, தாழ்ப்பாளைத் தொட்டபடி அப்படியே நின்றுவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் மூடிய மாதிரியே இருக்கிறது. அவர் சுண்டு விரலால் தள்ளினார், திறந்துகொண்டது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறோம். எத்தனை நாள் அப்படி நின்றிருக்குமோ! எந்த நிலையில் விட்டாலும் கேட் தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இதைக் காகிதத்தில் படித்தபோது எனக்கு அதன் கனம் புரியவில்லை. குழந்தை கேட்டை வீசித் திறக்காது. யாரோ சரியாகச் சாத்தாமல் போன கேட்டைத்தான் தள்ளும்.

அடுத்தது கறிவேப்பிலைத் தொட்டி. குளிர்காலத்தில் வெயில் விழும் இடம் வேலியோரம் மட்டுமே என்று மனைவி அங்கே வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்த செடி. வேலிக்கு வெளியே 90 செ.மீ.க்குள் குழந்தை ஏறி நிற்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. தொட்டி, நாற்காலி, கிளை, பம்ப் பெட்டி எல்லாமே இதில் அடங்கும். தொட்டியின் விளிம்பில் ஒரு சின்னக் கால் வைத்தால் 1.2 மீட்டர் வேலியில் பாதி உயரம் போய்விடும். "ஏங்க, இத்தனை வருஷமா இங்கதானே இருந்துச்சு" என்று மனைவி மெல்லச் சொன்னாள். என்னிடம் பதில் இல்லை.

பக்கத்து வீட்டு எல்லை வேலி நான் நினைத்தே பார்க்காத இடம். எல்லை வேலியே குளத்துக்கும் வேலியாக இருந்தால் உட்பக்கத்திலிருந்து அளக்கும்போது 1.8 மீட்டர் உயரம் வேண்டும். மரவேலி அந்த உயரம்தான். ஆனால் அதன் அடியில் செடிகளுக்காக நான் வருடா வருடம் மண் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். டேப்பில் 1.74 வந்தது. தரை உயர்ந்து வேலி குள்ளமாகிவிட்டது.

கடைசியாக, குளத்தருகே மாட்ட வேண்டிய உயிர்காப்பு முதலுதவிப் பலகை வெயிலில் வெளிறிப்போயிருந்தது. புதியதை வாங்கி மாட்டும்போதுதான் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். கேட்டை எப்போதும் மூடி வையுங்கள், பொருள்களை வேலியிலிருந்து 900 மி.மீ. தள்ளி வையுங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

சரிசெய்ய ஒரு வாரம் பிடித்தது. கேட்டின் கீல்களில் இருக்கும் ஸ்பிரிங்கைத் திருப்புளியால் முறுக்கினால் போதும் என்றார்கள். ஒன்று முறுகியது, இன்னொன்று துருப்பிடித்திருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. மண்ணை வாரியதுதான் முதுகை ஒடித்த வேலை. தொட்டி துணி காயப்போடும் இடத்துக்குப் போனது. இரண்டாம் முறை வந்த ஆய்வாளர் அதே இரண்டு விரல் சோதனையைச் செய்தார். டக். சான்றிதழ் கிடைத்தது.

ஊதிப் பெரிதாக்கும் குளம்தானே என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிரப்ப முடிந்தால் அதற்கும் வேலி வேண்டும். தயவுசெய்து வாங்கும் முன்பே இதை யோசியுங்கள்.

குடிவந்த குடும்பத்தில் இரண்டு வயதுப் பையன். சாவி கொடுக்கும்போது அவன் அம்மாவை கேட்டருகே கூட்டிப்போய், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று காட்டினேன். குளத்தைச் சுத்தம் செய்யும்போது கேட்டுக்கு முட்டுக்கொடுக்க நான் வைத்திருந்த செங்கல்லை அன்று காலையே அப்புறப்படுத்தியிருந்தேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்க, பையன் கேட்டைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாழ்ப்பாள் குமிழை அண்ணாந்து பார்த்தான். கையை நீட்டினான், எட்டவில்லை. பிறகு ஏறி நிற்க ஏதாவது கிடைக்குமா என்று வேலியோரம் நெடுகப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை.