கொல்லைப்புற கிரில்லுக்கு நேச்சுரல் கேஸ் லைன் இழுத்தபோது

அமெரிக்காவில் வீட்டுக்கு நேச்சுரல் கேஸ் வருகிறதென்றால் கொல்லையில் சுட்டுச் சமைக்கும் கேஸ் கிரில்லுக்குப் புரொபேன் சிலிண்டர் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பைப்பை அல்ல, எந்த கேஸுக்கானது என்று சொல்லும், கிரில்லில் ஒட்டியிருக்கும் தகட்டை. புரொபேன் கிரில் 11 அங்குல நீர்த்தம்ப அழுத்தத்தில் (அவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம்) ஓடுவது. நேச்சுரல் கேஸ் கிரில் பெரும்பாலும் 4 அங்குலத்தில். ஒரு கன அடி புரொபேனில் சுமார் 2,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம், நேச்சுரல் கேஸில் சுமார் 1,000. அதனால் பர்னருக்குள் கேஸ் விடும் துளையின் அளவே வேறு. புரொபேன் கிரில்லில் ஹோஸை மட்டும் மாற்றினால் சுடர் சோர்ந்து கிடக்கும். தலைகீழாகச் செய்தால் தீ மூடிக்கு மேலே எகிறும். அந்த மாடலுக்கென்று கம்பெனியே விற்கும் கிட் இல்லையென்றால் மாற்றும் யோசனையே வேண்டாம்.

அடுத்தது கணக்கு. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். மணிக்கு எத்தனை பி.டி.யு. என்று நாங்கள் போட்டது இப்படி: வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் 80,000, வாட்டர் ஹீட்டர் 40,000, அடுப்பு 65,000, துணி டிரையர் 22,000. இதோடு கிரில் 45,000 சேர்ந்தால் 2,52,000 பி.டி.யு., அதாவது மணிக்கு ஏறக்குறைய 252 கன அடி. வீட்டு மீட்டர் 250-க்கானது என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று. கேஸ் கம்பெனியிடம் பேசாமல் மேலே போகக் கூடாது.

பைப் அளவும் அதே மாதிரி. மீட்டரிலிருந்து கடைசி முனை வரை 50 அடி என்றால், அரை அங்குல இரும்பு பைப் தாங்குவது மணிக்கு 72 கன அடிதான். முக்கால் அங்குலம் 151. அடுப்புக்குப் போகும் அரை அங்குலக் கிளையில் கிரில்லையும் இணைத்தால் இரண்டுக்கும் சேர்த்து 110 தேவைப்படும், போதாது. இது முதல் நாள் தெரியாது. தேங்ஸ்கிவிங் விருந்து அன்று அடுப்பின் ஓவனும் நான்கு பர்னரும் ஓடும்போது கிரில் சுடர் உட்கார்ந்துவிடும். எல்லாரும் ரெகுலேட்டரைத் திட்டுவார்கள்!

பர்மிட் வாங்கியாக வேண்டும். பல ஊர்களில் லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான் மெயின் லைனில் கை வைக்கலாம். தோண்டுவதற்கு முன்னால் 811-ஐக் கூப்பிட்டால் பூமிக்கடியில் என்ன போகிறது என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். ஊர்கள் பின்பற்றும் மாதிரி கேஸ் விதித்தொகுப்பில், புதைக்கும் பைப்புக்குப் பொதுவான ஆழம் 12 அங்குலம். கிரில்லுக்கு மட்டும் போகும் தனி லைனை, இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டால், 8 அங்குலத்தில் போடலாம். மஞ்சள் பிளாஸ்டிக் பைப் என்றால் பைப் எங்கே போகிறது என்று பின்னால் கண்டுபிடிக்க, கூடவே டிரேசர் கம்பியும் ஓட வேண்டும். அந்த பைப் மண்ணுக்கு மேலே தலைகாட்டக் கூடாது. உலோக ரைஸர் வழியாகத்தான் ஏற வேண்டும்.

மரையுள்ள இணைப்புக்குக் கேஸுக்கான மஞ்சள் டேப்போ டோப் என்ற பசையோ போடலாம். குழாய் வாயை விரித்துப் பொருத்தும் ஃபிளேர் இணைப்புக்கு எதுவும் போடக் கூடாது. அங்கே உலோகமும் உலோகமும் சாய்வாக உட்கார்ந்துதான் கேஸை அடைக்கின்றன. மரைக்கு அதில் வேலையே இல்லை. கசிகிறதே என்று டேப் சுற்றினால் கசிவு கூடத்தான் செய்யும்.

பிறகு பிரஷர் டெஸ்ட். குறைந்தது 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் காற்று, தனி வீட்டுக்கு 10 நிமிடம் முள் அசையக் கூடாது. பல ஊர்களில் 10, 15 பி.எஸ்.ஐ. கேட்பார்கள். அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். அவற்றின் வால்வுகள் பெரும்பாலும் அரை பி.எஸ்.ஐ.-க்கு மேல் தாங்காது. மூடிய வால்வை நம்பி அடித்தால் புது வால்வுக்குத்தான் காசு.

கடைசியில் மஞ்சள் கைப்பிடி ஷட்டாஃப் வால்வு, அதன்பின் சட்டென்று மாட்டிக் கழற்றும் குவிக் கனெக்ட், 12 அடி ஹோஸ். ஹோஸ் சுவருக்குள் போகக் கூடாது, முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேஸைத் திறந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். குமிழி வந்தால் மூடிவிட்டுத் திரும்ப இறுக்கு.

முதல் பற்றவைப்பில் லைனில் காற்று இருக்கும். மூடியைத் திறந்து வைத்தே பற்றவைக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் நாபை மூடி ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி. மெயினை மூடியிருந்ததால் பைலட் (எப்போதும் எரியும் சிறு சுடர்) உள்ள வாட்டர் ஹீட்டர் அணைந்திருக்கும், அதையும் ஏற்ற வேண்டும். ஹோஸைக் கழற்றும் நாட்களில் குவிக் கனெக்ட் வாய்க்கு ரப்பர் மூடி போடாமல் விட்டால் சிலந்தி கூடு கட்டிவிடும். பர்னர் குழாய்க்குள்ளும் அதே தொல்லைதான். சுடர் மஞ்சளாகிக் குழாய் வாயில் எரிந்தால் முதலில் அங்கே பிரஷ் விட்டுப் பாருங்கள்.