20எஸ் கூடினால் நோப்1 மேல் பழி போடலாமா?

ஈஸ்ட் ரைபோசோமின் சிறு துணையலகு (40எஸ்) உருவாகும்போது, 18எஸ் ஆர்.ஆர்.என்.ஏ.வின் முதிராத வடிவமான 20எஸ்ஸை நோப்1 என்ற புரதம் கடைசியாக வெட்டி முடிக்கிறது. நார்தர்ன் பிளாட்டில் (ஆர்.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) 20எஸ் பட்டை தடித்துத் தெரிந்ததும் "நோப்1 வெட்டவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். மதுரையில், பல்கலை நகர்ப் பக்கம் ஈஸ்ட் வைத்துத் திட்டப்பணி செய்யும் முதுகலை மாணவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 20எஸ் கூடியது என்றால், சிறு துணையலகு கடைசி வெட்டுக்கு முன்னால் எங்கோ நின்றுவிட்டது என்று மட்டுமே பொருள். எங்கே என்பதைத் தனியாகத் தேட வேண்டும்.

முடிந்த 40எஸ் துணையலகில் இருப்பது 1,800 நியூக்ளியோடைடு நீளமுள்ள 18எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. ஒன்றும் 33 புரதங்களும்தான். ஆனால் ரைபோசோமின் இரண்டு துணையலகுகளையும் கட்டி முடிக்க 200-க்கு மேற்பட்ட உதவிப் புரதங்கள் வந்து போகின்றன. மீனாட்சியம்மன் கோவில் கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டியிருக்கும்போது பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். சாரம் கோபுரத்தின் பகுதி இல்லை. அது இல்லாமல் வேலையும் நடக்காது. அவிழ்க்கும் வரிசை தவறினால் ஆபத்து. நன்றாக வளரும் ஈஸ்ட் செல் நிமிடத்துக்குச் சுமார் 2,000 ரைபோசோம்களைக் கட்டுகிறது. அவ்வளவு வேகத்தில் ஒரு கட்டம் தடுக்கினாலும் பின்னால் வரிசை நீண்டுவிடும்.

வேலை நியூக்ளியோலஸில் தொடங்குகிறது. 12-ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 150 பிரதிகளாக இருக்கும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 1 நீளமான 35எஸ் முன்னோடியை எழுதுகிறது. எழுதி முடிப்பதற்குள்ளேயே யூ3 என்ற சிறு ஆர்.என்.ஏ.வும் யூ.டி.பி. கூட்டுப் புரதங்களும் அதன் முன்முனையைப் பிடித்துக்கொள்கின்றன. யூ3 அங்கே 18எஸ் பகுதியோடு இணை சேர்ந்து, நடுவில் உருவாக வேண்டிய முடிச்சு அவசரப்பட்டு மடியாமல் தடுக்கிறது. ஏ0, ஏ1, ஏ2 ஆகிய இடங்களில் வெட்டு விழுகிறது. முன்முனையில் 700 நியூக்ளியோடைடு உதிர்கிறது. டிஹெச்ஆர்1 என்ற ஹெலிகேஸ் (ஆர்.என்.ஏ. இணைகளை அவிழ்க்கும் நொதி) யூ3-ஐப் பிரித்தெடுத்த பிறகுதான் அந்த முடிச்சு மடிய முடியும். இந்த ஆரம்பக் கட்டம் கெட்டால் 20எஸ் கூடாது, குறையும். அதற்குப் பதிலாக 23எஸ் என்ற தவறான துண்டு தெரியும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது 23எஸ் இருக்கிறதா என்பதுதான்.

ஏ2 வெட்டு முடிந்தால் 20எஸ் கைக்கு வரும். 18எஸ்ஸின் பின்முனையில் இன்னும் சுமார் 200 நியூக்ளியோடைடு தொங்கிக்கொண்டிருக்கும். இந்த நிலையிலேயே அது சி.ஆர்.எம்.1 என்ற ஏற்றுமதிப் புரதம் வழியாகச் சைட்டோபிளாசத்துக்கு வந்துவிடுகிறது. வாலைக் கடைசியில், டி என்ற இடத்தில் வெட்டுவது நோப்1.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கப்புறம்தான். வெளியே வந்த முன்-40எஸ்ஸின் வேலைசெய்யும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு உதவிப் புரதம் உட்கார்ந்திருக்கிறது. டி.எஸ்.ஆர்.1 பெரிய துணையலகு ஒட்டும் இடத்தை மறைக்கிறது. ரியோ2 டி.ஆர்.என்.ஏ. அமர வேண்டிய பி-தளத்தில் இருக்கிறது. பி.என்.ஓ.1 எம்.ஆர்.என்.ஏ. வழியை அடைத்தபடி நோப்1 பக்கத்தில் நிற்கிறது. அரைகுறைத் துணையலகு புரதத் தயாரிப்பில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. மூக்குப் போல நீளும் பகுதியில் எல்.டி.வி.1, ஈ.என்.பி.1 இரண்டும் பிடித்திருக்கும். ஹெச்.ஆர்.ஆர்.25 என்ற கைனேஸ் எல்.டி.வி.1-க்குப் பாஸ்பேட் ஏற்றினால்தான் அது விலகும், அப்போதுதான் ஆர்.பி.எஸ்.3 என்ற ரைபோசோம் புரதம் உறுதியாக உட்காரும். அதற்கப்புறம் ஈஐஎஃப்5பி என்ற தொடக்கக் காரணியின் உதவியோடு ஒரு முழுமையான 60எஸ் (பெரிய துணையலகு) வந்து சேர்கிறது. எம்.ஆர்.என்.ஏ. இல்லை, தொடக்க டி.ஆர்.என்.ஏ. இல்லை, ஆனால் பார்வைக்கு முழு ரைபோசோமான 80எஸ். புதுத் துணையலகு உண்மையாகவே 60எஸ்ஸோடு சேர்ந்து இயங்குமா என்று செல் ஓட்டிப் பார்ப்பது போல இருக்கும். எஃப்.ஏ.பி.7 என்ற புரதம் இந்தக் கட்டத்தில் தேவை. நோப்1 வெட்டியபின் ரியோ1 நோப்1-ஐயும் பி.என்.ஓ.1-ஐயும் வெளியேற்றுகிறது, பி.என்.ஓ.1 விட்ட இடத்தில் ஆர்.பி.எஸ்.26 அமர்கிறது.

இப்போது 20எஸ் பட்டைக்கு வருவோம். ஹெச்.ஆர்.ஆர்.25-ஐ நிறுத்தினாலும் 20எஸ் கூடும். நோப்1-ஐக் குறைத்தாலும் கூடும். பட்டை ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது, துகள்களை எடைவாரியாகப் பிரிக்கும் சுக்ரோஸ் அடுக்கு. 10–50% அடுக்கில் ஓட்டி, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஆர்.என்.ஏ. எடுத்து நார்தர்ன் செய்யுங்கள். 20எஸ் 40எஸ் பகுதியில் நின்றால் 60எஸ் இன்னும் சேரவில்லை, தடை அதற்கு முன்னால். 80எஸ் பகுதியில் இருந்தால் சேர்ந்த பிறகு நின்றிருக்கிறது. அதற்கும் கனமான பாலிசோம் (ஒரே எம்.ஆர்.என்.ஏ.வில் பல ரைபோசோம்கள்) பகுதிவரை 20எஸ் போயிருந்தால், காவலைத் தாண்டி முதிராத துணையலகு வேலைக்குப் போய்விட்டது. நோப்1-ஐக் குறைத்த செல்களில் அப்படி நடக்கிறது.

புரோப் (தேடும் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக் காட்டும் துண்டு) விஷயத்தில் கவனம் வேண்டும். 18எஸ்ஸுக்கான புரோப் போட்டால் மலைபோல் இருக்கும் 18எஸ்ஸில் 20எஸ் மூழ்கிவிடும். டி-க்கும் ஏ2-க்கும் இடையிலான பகுதிக்குப் புரோப் எடுங்கள். பிறகு அதே மெம்பிரேனில் 18எஸ்ஸையும், பெரிய துணையலகின் 25எஸ் ஆர்.ஆர்.என்.ஏ.வையும் பாருங்கள். 20எஸ்ஸை 18எஸ்ஸோடு விகிதமாகச் சொல்லுங்கள்.

அறுவடையில்தான் பாதிப் பேருக்குக் கெடுகிறது. ஓ.டி. (வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 முதல் 0.8-க்குள் எடுத்து, ரைபோசோம்களை அப்படியே நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு மருந்தை மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கலந்து, உடனே ஐஸில் இறக்கிவிடுங்கள். மருந்து சேர்க்காமல் குளுக்கோஸ் இல்லாத தண்ணீரில் கழுவினால் ஓரிரு நிமிடத்தில் பாலிசோம் கலைந்துவிடும். அதைப் பார்த்து மரபணு மாற்றத்தின் விளைவு என்று எழுதுவது தவறு. பஃபரில் மக்னீசியம் 10 மில்லிமோலார் இருக்கட்டும். குறைந்தால் 80எஸ் பிரிந்து, இல்லாத 40எஸ், 60எஸ் மேடுகள் எழும்.

அப்புறம் மதுரை வெயில். குளிரூட்டும் வசதி இல்லாத ஷேக்கர் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. சித்திரையில் அறை 36 டிகிரி என்றால், திரையில் 30 என்று அமைத்தும் பயனில்லை. 37 டிகிரிப் பக்கம் தாவும் ஈஸ்ட் ரைபோசோம் புரத மரபணுக்களின் எழுத்தைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்ளும், உங்கள் கட்டுப்பாட்டுக் குடுவையிலும்தான். துணையலகுக் கட்டுமானத்தைப் பாதிக்கும் மரபணு மாற்றமுள்ள ஈஸ்ட் பலவும் குளிரில்தான் தடுமாறும் என்பதால் 20 டிகிரித் தட்டும் கட்டாயம் வேண்டும். அதற்கு மார்கழி அதிகாலையை நம்பித் தட்டை மேசையில் விட முடியாது; பகலில் ஏறிவிடும். குளிர்விக்கும் இன்குபேட்டர் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். மின்தடை வந்த நாளில் வளர்ந்த குடுவையை அறுவடை செய்யாமல் மறுநாள் புதிதாகத் தொடங்குவது நல்லது.