டிக்கியில் 28 லிட்டர்

நவம்பர் 2

ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்துவிட்டு டிக்கிக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சக்கர வளைவுக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு குழி. தம்பி காட்டியது அதைத்தான். அவன் காரின் வூஃபருக்கு, அடி ஒலி தரும் ஸ்பீக்கருக்கு, உள்ளே 28 லிட்டர் இடமுள்ள பெட்டி செய்ய வேண்டும். சதுரப் பெட்டி வைத்தால் அந்தக் குழி வீணாகிவிடும், ஸ்டெப்னியையும் எடுக்க முடியாது. குழியின் வடிவத்திலேயே ஃபைபர்கிளாஸில் செய்வதுதான் வழி.

நவம்பர் 3

குழி முழுக்க மாஸ்கிங் டேப், அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் மெழுகு. ரெசின், அதாவது ஃபைபர்கிளாஸுக்கான பிசின், ஒரு சொட்டு பெயிண்டில் பட்டுக் காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அது அவன் கார்.

நவம்பர் 5

முதல் அடுக்கு. 300 கிராம் ரெசின். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் கலக்கி, நன்றாகக் கிளறி, அப்புறம்தான் இறுக வைக்கும் ஹார்டனர், 6 கிராம். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். போனில் மூன்று முறை சொன்னான். சொல்லும்போதே நடுவில் மூச்சு வாங்கியது.

கண்ணாடி நார் மேட் முதலில் வெள்ளையாக, விறைப்பாக இருந்தது. பிரஷ்ஷால் ரெசினைத் தட்டித் தட்டி ஊட்டியதும் நார்களைப் பிடித்திருந்த பசை கரைந்து, ஈரத்துணி போல வளைவில் படிந்தது. வெள்ளை மறைந்து அடியில் இருந்த அலுமினியத் தாளின் சுருக்கம்கூடத் தெரிந்தது. வெள்ளையாகவே நின்ற இடமெல்லாம் காற்று. ரோலரால் அழுத்தி அழுத்தி விரட்டினேன். ஒரு மணி நேரம் வேறு எதுவும் நினைவில் வரவில்லை.

நவம்பர் 6

கை முழுக்க அரிப்பு. முழுக்கைச் சட்டை போட்டும்.

நவம்பர் 8

அவனைப் பார்க்கப் போனேன். இரண்டு முறை குளித்தும் தலைமுடியில் ரெசினின் ஸ்டைரீன் வாசம். கதவருகிலேயே நின்றேன். "கிட்ட வா அக்கா, அந்த வாசம் எனக்குப் பிடிக்கும்" என்றான். போகவில்லை. "28 லிட்டர் வந்துச்சா?" என்று கேட்டான். குழியில் படிய வைத்த ஓடு இன்னும் வெளியே வரவே இல்லை என்றேன்.

நவம்பர் 9

ஹார்டனர் கூடிவிட்டது. கப் கை பொறுக்காத சூடாகிப் புகைந்தது. வெளியே மணலில் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். அவசரப்பட்டேன்.

நவம்பர் 13

விடாத மழை. நான்காவது அடுக்கு இறுகவில்லை. மேல்பரப்பில் காற்று படுவதால் லேசாக ஒட்டத்தான் செய்யும், அடுத்த அடுக்கு பிடிக்க அது நல்லதும்கூட. ஆனால் இங்கே நகம் இறங்குகிறது. ஈரமா, ஹார்டனர் குறைந்துவிட்டதா? போன தடவை கூடியதால் இந்தத் தடவை பயந்து குறைத்துவிட்டேனா? எழுதி வைத்த தாளைக் காணவில்லை. இரவு இரண்டு முறை டார்ச்சுடன் போய் அதே இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தேன். அவனுக்குச் சொல்லவில்லை. அவனுடைய ரிப்போர்ட் நாளை என்றார்கள்.

நவம்பர் 14

ரிப்போர்ட் வரவில்லை. அடுக்கு இறுகிவிட்டது.

நவம்பர் 15

ஓடு வெளியே வந்தது! டேப்போடு சேர்ந்து உரிந்து வந்தது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. தூக்கிப் பிடித்து விரலால் தட்டினேன். மெல்லிய இடம் தகரம் போலப் பேசுகிறது, அங்கே இன்னும் இரண்டு அடுக்கு போட வேண்டும்.

நவம்பர் 18

வூஃபரைப் பூட்டப் போகும் 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) வளையத்தை மரக்குச்சிகளில் நிறுத்தினேன். வளையத்திலிருந்து ஓட்டின் விளிம்பு வரை ஃபிளீஸ் துணியை இழுத்துக் கட்டினேன். துணி தானாகவே எடுத்துக்கொண்ட அந்த வளைவை எந்த ரம்பத்தாலும் அறுக்க முடியாது. நாலு பக்கமும் சமமாக இழுக்க இன்னொரு ஜோடி கை வேண்டியிருந்தது.

நவம்பர் 21

உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க, தெர்மோகோல் உருண்டைகளை லிட்டர் குவளையால் அளந்து அளந்து வளையத்தின் வாய் வழியாகக் கொட்டினேன். கையில், மூக்கில், இமையில் எல்லாம் ஒட்டிக்கொண்டன. இரண்டு முறை அளந்தேன். 28.5. வூஃபரின் காந்தமும் சட்டமும் உள்ளே 2 லிட்டரை அடைக்கும். மிச்சம் 26.5.

அவன் சொன்னது 28.

மூடிய பெட்டி சிறுத்தால் ஒலி ஒரே சுருதியில் தூக்கிக்கொண்டு திம்மென்று அடிக்கும், அதற்குக் கீழே போகாது. அவனுக்கு அந்தக் கீழ் ஒலிதான் வேண்டும், காதில் விழுவதற்கு முன்பே சீட்டில் தெரிவது. கொட்டும்போது ஒரு குவளையை விட்டுவிட்டேனோ என்று நள்ளிரவில் மூன்றாவது முறையும் அளந்தேன். 28.5 தான்.

நவம்பர் 22

சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பாலியெஸ்டர் பஞ்சு போடு அக்கா. தளர்வா. உள்ள இருக்கற காத்துக்குப் பெட்டி பெருசாத் தெரியும்." குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

நவம்பர் 24

பஞ்சைப் பிய்த்து உதறிப் போட்டு வூஃபரைப் பூட்டினேன். கோனை இரண்டு உள்ளங்கையாலும் மெதுவாக அழுத்தி விட்டேன். காற்று கசியாவிட்டால் தயங்கித் தயங்கி மேலே வர வேண்டும். சட்டென்று வந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவினேன். வளையத்துக்குக் கீழே, துணி ஓட்டின் விளிம்பைத் தொடும் இடத்தில், ஊசிமுனை அளவுக்கு நுரை.

ஆம்ப்ளிஃபயருக்கு இன்னும் ஒயர் இழுக்கவில்லை. பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேண்டும். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

நவம்பர் 25

அடைத்தாயிற்று. நாளை காலை 8 மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ரெசின் காய்ந்ததா என்று பார்க்க எழுந்தேன்.