நாவூ: மரித்தோரை மறவாத ஊர்

இல்லினாய் மாநிலத்தின் மேற்கு எல்லையில், மிசிசிப்பி ஆறு அகன்று வளையும் திருப்பத்தில் நாவூ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. மிசூரி மாநிலத்து ஆளுநர் 1838 அக்டோபரில் பிறப்பித்த ஆணையால் வீடும் நிலமும் இழந்து வெளியேறிய, மார்மன் சபை என்று பலரும் அறிந்த, பிற்காலப் பரிசுத்தவான்களின் எங்கள் சபையின் மூதாதையர், தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் 1839-இல் இங்கே வந்து குடியேறினர். அப்போது இது கொசுக்கடியும் குளிர்காய்ச்சலும் நிறைந்த சதுப்பு நிலம். அதில் வடிகால் வெட்டி, செங்கல் சுட்டு, ஐந்தே ஆண்டுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரத்தை அவர்கள் எழுப்பினர்.

பிற்காலப் பரிசுத்தவான்களில் பெரும்பாலோர் புனிதப் பயணத்தை நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா தோப்பிலிருந்து தொடங்குவார்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்ற யாக்கோபு நிருப வசனத்தைப் படித்துவிட்டு, 1820-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் 14 வயதுச் சிறுவனாக ஜோசப் முழங்காலிட்ட தோப்பு அது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை; ஆனால் மரித்தோரின் மீட்பைப் பற்றிய அவருடைய போதனை முழு வளர்ச்சி அடைந்த இடத்தைக் காண விரும்பியே நாவூவைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் போதனையின் வேர் ஒரு குடும்பத் துயரத்தில் இருக்கிறது. ஜோசப்பின் மூத்த அண்ணன் ஆல்வின் 1823 நவம்பரில், 25 வயதில், ஞானஸ்நானம் பெறாமலே இறந்தார். அடக்க ஆராதனை நடத்திய போதகர், அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்று தோன்றும்படி பேசியதாகத் தம்பி வில்லியம் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தப் பேச்சு குடும்பத்தாரின் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று. 12 ஆண்டுகள் கழித்து, 1836 ஜனவரியில், ஒகையோ மாநிலத்துக் கிர்ட்லாந்து ஆலயத்தில் கண்ட தரிசனத்தில் அதே ஆல்வினை, பரலோகத்தின் மிக உயர்ந்த நிலையாகிய சிலஸ்டியல் ராஜ்யத்தில் பார்த்தபோது, ஞானஸ்நானம் பெறாத அண்ணன் எவ்வாறு அங்கே இருக்க முடியும் என்று ஜோசப் வியந்ததை எங்கள் வேதநூல்களில் ஒன்றான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ பதிவு செய்திருக்கிறது. சுவிசேஷத்தைக் கேட்க வாய்ப்பில்லாமல் இறந்தவர், கேட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார் என்றால், அவரும் அந்த ராஜ்யத்தைச் சுதந்தரிப்பார் என்பதே அவர் பெற்ற மறுமொழி.

அதற்கான வழிமுறை நாவூவில்தான் வெளிப்பட்டது. 1840 ஆகஸ்ட் 15 அன்று சீமோர் பிரன்சன் என்பவரின் அடக்க ஆராதனையில், மரித்தோருக்காக ஞானஸ்நானம் பெறுவதைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனத்தை எடுத்து ஜோசப் பிரசங்கித்தார். வேதாகமத்தைப் பலமுறை படித்த நம்மவர்களும் சட்டென்று கடந்து போய்விடும் வசனம் அது. அதைக் கேட்ட ஜேன் நேமன் என்னும் தாய், இறந்துபோன தன் மகன் சைரஸுக்காகச் சில வாரங்களில் மிசிசிப்பியில் இறங்கி ஞானஸ்நானம் பெற்றார். சொல்லப்படும் வார்த்தைகள் தன் காதில் விழ வேண்டும் என்பதற்காக வியன்னா ஜேக்ஸ் என்ற சகோதரி குதிரையின் மேல் இருந்தபடியே ஆற்றுக்குள் சென்றாராம். கரையில் நின்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் இந்தக் குதிரைக்காரச் சகோதரிதான். ஒரு கோட்பாட்டை மக்கள் எவ்வளவு ஆவலோடு பற்றிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு, இந்த நியமம் ஆற்றில் அல்ல, ஆலயத்தில்தான் நடைபெற வேண்டும் என்று ஜோசப் அறிவித்தார். மேட்டின் மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆலயத்தின் அடித்தளத்தில், 12 எருதுகளின் சிற்பங்கள் தாங்கிய தொட்டி 1841 நவம்பரில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1842 செப்டம்பரில், கைதுக்குத் தப்பி மறைந்திருந்தபோதும் அவர் சபைக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் இதைப் பற்றியவையே. சாட்சிகள் இருக்க வேண்டும், பெயர்களைப் பிழையின்றிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அவர் அவற்றில் வலியுறுத்தினார். மரித்தோர் இல்லாமல் நாம் பூரணராக முடியாது, நாம் இல்லாமல் அவர்களும் முடியாது என்றும் எழுதினார்.

இன்று அங்கே நிற்பது, பழைய வடிவத்தைப் பின்பற்றி மீண்டும் கட்டி 2002 ஜூன் 27 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம். பழையது 1848-இல் தீக்கிரையாயிற்று. எஞ்சிய சுவர்களில் பெரும்பகுதியை 1850-இல் சூறாவளி சாய்த்தது. சூரியன், சந்திரன், நட்சத்திரம் செதுக்கிய கற்களைச் சுற்றுச்சுவருக்கு வெளியிலிருந்தே யாரும் காணலாம்; உள்ளே செல்வதற்குச் சபையின் பரிந்துரைச் சீட்டு தேவை. என் தந்தைவழித் தாத்தாவுக்காக நான் அங்கே ஞானஸ்நானம் பெற்றேன். உள்ளே நடப்பதை விவரிப்பது எங்கள் வழக்கமல்ல என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை. ரிச்சர்ட் பாலன்டைன் முதலிய ஊழியக்காரர்கள் 1853-லேயே சென்னைக்கு வந்து பிரசங்கித்திருந்தும் அந்தப் பணி வேரூன்றவில்லை. ஆகவே என் முன்னோர் எவரும் இந்தச் செய்தியைக் கேள்விப்படாமலே மறைந்தனர்.

நாவூவை முழுவதும் ஒளியாகக் காட்டும் பயணக்கட்டுரைகள் எனக்கு உவப்பானவை அல்ல. பலதார மணத்தைப் பற்றிய வெளிப்பாடு 1843 ஜூலையில் எழுத்தில் பதிவானதும் இங்கேதான். அதனால் ஜோசப்பின் மனைவி எம்மா பட்ட வேதனையை, அவர்கள் வாழ்ந்த வீட்டில் நிற்கும் எவரும் எண்ணாமல் இருக்க முடியாது. 11 பிள்ளைகளில், தத்தெடுத்தவர் உட்பட ஐவரே வளர்ந்து ஆளாகக் கண்ட தாய் அவர். 1842 மார்ச்சில், செங்கல்லால் கட்டிய ஜோசப்பின் கடையின் மாடியில் தொடங்கிய, சபைப் பெண்களின் அமைப்பாகிய ஒத்தாசைச் சங்கத்தின் முதல் தலைவியும் அவரே. அந்த மணமுறையையும் ஜோசப்பையும் கண்டித்து வெளிவந்த ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ இதழின் அச்சகத்தை, மேயராக இருந்த அவரும் நகர மன்றமும் 1844 ஜூன் 10 அன்று அழிக்கச் செய்தனர். அது சரியான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அழிப்பின் மேல் எழுந்த வழக்கின் தொடர்ச்சியாகவே ஜோசப் அருகிலுள்ள கார்த்தேஜ் ஊரின் சிறைக்குச் சென்றார்.

கார்த்தேஜ் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தொலைவு. கல்லால் கட்டிய அந்தச் சிறையின் மாடி அறை மிகவும் சிறியது. 1844 ஜூன் 27 மாலை, முகத்தில் கரி பூசிய கும்பல் படியேறி வந்து சுட்டபோது, கதவைத் துளைத்த குண்டு அண்ணன் ஹைரமை வீழ்த்தியது; ஜோசப் சன்னலருகே சுடப்பட்டு வெளியே விழுந்து இறந்தார். அவர்களோடு இருந்த சபைத் தலைவர்களில் ஒருவரான ஜான் டெய்லர் பலத்த காயங்களோடு பிழைத்தார். அந்தத் துளையுள்ள கதவு இன்றும் இருக்கிறது. எங்களை அழைத்துச் சென்ற ஊழியக்காரச் சகோதரி அதைக் காட்டியபின் எதுவும் விளக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன்.

நாவூவில் ஜோசப்பும் ஹைரமும் எம்மாவும் ஆற்றங்கரையில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பகைவருக்கு அஞ்சி மறைத்துப் புதைத்த உடல்கள் 1928-இல்தான் கண்டெடுக்கப்பட்டு முறையாக அடக்கம் செய்யப்பட்டன. அதைச் செய்தவர்கள் எங்கள் சபையார் அல்லர். 1846 பிப்ரவரியில் முன்னோர் மேற்கு நோக்கிப் புறப்பட்டபோது எம்மா இங்கேயே தங்கிவிட்டார். பின்னர் அவருடைய மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் வளர்ந்து, இன்று ‘கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட்’ என்று அழைக்கப்படும் சபையாரே இதைச் செய்தனர். பழைய வீடுகளையும் செங்கல் கடையையும் பல தலைமுறைகளாகப் பேணி, 2024 மார்ச்சில் கிர்ட்லாந்து ஆலயத்தோடு சேர்த்து அவர்கள் எங்கள் சபைக்கு விற்றார்கள். எங்கள் வகுப்புகளில் அவர்களைப் பற்றி நாங்கள் பேசுவது மிகக் குறைவு.