கோதுமை சென்ட்: நிறத்துக்கு ஒரு விளக்கு, அச்சுக்கு ஒரு விளக்கு

1909 முதல் 1958 வரை அமெரிக்காவில் அடித்த லிங்கன் சென்ட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோதுமைக் கதிர்கள் இருக்கும். இந்தக் காசுகளில் எனக்கு இரண்டு ஆசை. ஒன்று, நிறம் ஏறிய காசு. இன்னொன்று, அச்சுக் கோளாறு உள்ள காசு. இரண்டையும் ஒரே காசில் தேடும்போதுதான் வம்பு.

இந்த முறை பிரித்தது 1950களின் காசுகள் கலந்த ஒரு ரோல், அதாவது அடுக்கிச் சுற்றிய காசுக் கட்டு. அதில் ஒரு 1956-டி (டி என்றால் டென்வர் ஆலையில் அடித்தது), ஓரத்தில் ஆரஞ்சு, உள்ளே போகப் போகக் கத்தரிப்பூ நிறம், நடுவில் நீலம். செம்பின் மேல் மெல்லிய படலம் வளர்ந்து, தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் மாதிரி வெளிச்சத்தைப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். பழைய அட்டை ஆல்பங்களில் இருந்த கந்தகமே பல காசுகளுக்கு இப்படி நிறம் ஏற்றியிருக்கிறது. சூடேற்றி வேண்டுமென்றே ஏற்றுபவர்களும் உண்டு. லிங்கனின் தேய்ந்த கன்னத்தில் பளீர் நீலம் உட்கார்ந்திருந்தால் நான் நம்புவதில்லை.

சரி, நிறம் பார்க்க மேலே விளக்கு வைத்துக் காசைச் சாய்த்தால் போதும். ஆனால் அந்த வெளிச்சத்தில் எழுத்தின் விளிம்பு கரைந்துவிடுகிறது. அதனால் எல்இடி விளக்கை மேஜைக்குப் பக்கத்தில் தாழ இறக்கி, 10 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் காசை மெல்லத் திருப்பினேன். நிறம் செத்தது, மேடு மட்டும் நிழலோடு எழுந்தது. ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள டி-க்கும் கீழே, தனியாக இன்னொரு மங்கலான டி! அந்தக் காலத்தில் டி போன்ற ஆலைக் குறியை ஒவ்வொரு அச்சிலும் கையால்தான் பொறித்தார்கள். இடம் தவறி ஒருமுறை, சரியான இடத்தில் மறுமுறை. 1956-டியில் இது தெரிந்த வகைதான். ஆனாலும் ஊதாவுக்குள் ஒளிந்திருந்ததைக் கண்டதில் ஒரு தனி குஷி.

ஒரு 1955இல் கடைசி 5 மட்டும் இரட்டை நிழல். அச்சு தேய்ந்ததால் வருவது அது, விலையும் சொற்பம். பெயர்பெற்ற 1955 இரட்டை அச்சு வேறு. காசு அடிக்கும் அச்சைச் செய்யத் தாய் அச்சைக் கொண்டு அழுத்தும்போது இரண்டாவது அழுத்தம் கொஞ்சம் திரும்பிவிட்டதால், ஆண்டும் வாசகமும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். ஐயம் வந்தால் எழுத்தின் மூலையைப் பார்க்கிறேன். உருண்டு, நுனி பிளந்திருந்தால் இரட்டை அச்சு. தட்டையாகப் படி மாதிரி பளபளத்தால், அடிக்கும்போது அச்சு அசைந்தது, ஒதுக்கிவிடலாம். காசில் உள்ள LIBERTY (லிபர்ட்டி) என்ற சொல்லில் பி-க்கும் இ-க்கும் நடுவே கோடு விழுந்த காசும் வந்தது. அச்சு உடைந்த இடம் அது, 1950களில் சகஜம்.

அப்புறம் 1944-டி குவியல் காத்திருக்கிறது. டி-யின் தலைக்கு மேல், சான் பிரான்சிஸ்கோ ஆலைக் குறியான எஸ்-இன் வளைவு எட்டிப் பார்க்கும் வகை ஒன்று அந்த வருடத்தில் உண்டு. இந்தத் தடவை முதலில் தாழ்ந்த விளக்குதான். நிறத்தைப் பிறகு ரசித்துக்கொள்ளலாம்.