மூன்றாம் வகுப்பும் மேலவையும்

அக்டோபர் 3, 2024, கடலூர்

இன்று சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானத்தின் நினைவு நாள். 1995-இல் அவர் மறைந்தபோது, என் தந்தை அன்று முழுவதும் வானொலிப் பெட்டியின் அருகிலேயே அமர்ந்திருந்தார். எழுத்தாளர், எல்லைப் போராட்டத் தலைவர் என்பதைவிட, சட்டமன்றத்தின் இரண்டாம் அவையாக இருந்த தமிழ்நாடு சட்ட மேலவையின் தலைவர் என்ற முறையிலேயே ம.பொ.சி. அவருக்கு நெருக்கமானவர். அந்த அவையில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று அப்பா உறுதியாக நம்பினார். ம.பொ.சி.யின் மேலவை வாழ்வைப் பற்றி நவம்பர் 1 வரை அவ்வப்போது இங்கே எழுத எண்ணியிருக்கிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

அப்பாவின் நம்பிக்கைக்குச் சட்ட ஆதாரம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 171-ஆம் பிரிவின்படி மேலவை இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகளும், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி அமைப்புகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு பேரவை உறுப்பினர்களுக்கு, எஞ்சியவை ஆளுநரின் நியமனம். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு கற்பித்த பட்டதாரியான அப்பாவுக்கு, எல்லோருக்கும் உள்ள ஓட்டு போக மேலும் இரண்டு ஓட்டுகள் இருந்தன.

அது முத்திரை குத்தும் ஓட்டு அன்று. 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, கூடத்தில் அமர்ந்து, பழைய கணக்கு நோட்டின் கடைசித் தாளில் வேட்பாளர் பெயர்களை எழுதி, 2-ஐயும் 3-ஐயும் ரப்பரால் அழித்து அழித்து அவர் மாற்றிக்கொண்டிருந்தது கண்முன் நிற்கிறது. தாள் அந்த இடத்தில் நைந்தே போயிற்று. "முதல் ஓட்டு சுலபம்டா, ரெண்டாவதுக்குத்தான் யோசிக்கணும்" என்றார்.

அக்டோபர் 13, ஞாயிறு

தங்கை மகள் வந்திருந்தாள். நான் எழுதியதைப் படித்துவிட்டு, "மாமா, மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவரா பட்டதாரிங்க சபைக்குத் தலைவர்?" என்று கேட்டாள். ஆம், அவரேதான். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், நெசவு செய்தார், அச்சகத்தில் எழுத்துக் கோத்தார், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார், 1946-இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். சென்னையும் திருத்தணியும் தமிழ்நாட்டில் இருப்பதற்கு அவர் நடத்திய கிளர்ச்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1967-இல் தியாகராய நகரிலிருந்து பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பின்னர் மேலவையின் துணைத் தலைவராகி, 1978-இல் தலைவரானார்.

பட்டம் பெற்றவர்களாலும் ஆசிரியர்களாலும் அனுப்பப்பட்ட உறுப்பினர்கள், பேச எழும்போதெல்லாம் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒருவரைத் "தலைவர் அவர்களே" என்று விளித்துத் தொடங்கினார்கள். அச்சுக் கோக்கும்போதே தமிழை எழுத்தெழுத்தாகக் கற்றவர் அவர். என் தந்தை இதைத் தம் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வார். படிக்காமலும் உயரலாம் என்று பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாதே என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர் போய் வந்தேன். 1966-இல் ம.பொ.சி.க்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த நூல் 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு'. சத்திய ஞான சபையின் முன் நின்றபோது, முறையான பள்ளிப் படிப்பு இல்லாத வள்ளலாரை அதே நிலையில் வளர்ந்த இன்னொருவர் தேடிப் படித்ததில் வியப்பில்லை என்று தோன்றியது.

அக்டோபர் 27, ஞாயிறு

மேலவைத் தலைவருக்கு உள்ள கட்டுப்பாடுகளைப் படித்தேன். அவர் விவாதத்தில் கட்சி சேரக் கூடாது; இரு தரப்பு வாக்குகளும் சமமானால் மட்டுமே அவருடைய வாக்கு. அவையின் அதிகாரமும் குறைவுதான்: நிதி மசோதாவை 14 நாள் மட்டுமே வைத்திருக்க முடியும், மற்ற மசோதாக்களை முதலில் மூன்று மாதமும், பேரவை மீண்டும் நிறைவேற்றினால் இன்னொரு மாதமும் தாமதப்படுத்தலாம். மேடைதோறும் முழங்கிய ஒரு மனிதர், எட்டு ஆண்டுகள் பிறர் பேசுவதைக் கேட்டு, முறைப்படுத்தி அமர்ந்திருந்தார். போராட்டக் காலத்தைவிட இந்த அமைதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நவம்பர் 1, 2024, வெள்ளி

நேற்றைய தீபாவளியின் பட்டாசுத் தாள்கள் தெருவெல்லாம் கிடக்கின்றன. 1956-இல் இதே நாளில்தான் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன, ம.பொ.சி. தம் வாழ்வின் பெரும் பகுதியை அதற்காகவே செலவிட்டார். சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1986 நவம்பர் 1 அன்று, அவர் தலைமை வகித்த மேலவை இல்லாமல் போயிற்று. அவ்வாண்டு மே 14-இல் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது, நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 63 இடங்கள் கொண்ட அவைக்கு அவரே கடைசித் தலைவர். 2010-இல் 78 இடங்களுடன் மேலவையை மீட்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும், 2011-இல் வந்த புதிய அரசு அதைத் தொடரவில்லை.

1986-இல் அந்தச் செய்தியைப் படித்த அப்பா நாளிதழை மடித்து வைத்துவிட்டு, பள்ளிக்குப் புறப்படச் சட்டையை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "இனிமே எனக்கும் உன்னை மாதிரி ஒரே ஓட்டுதான்."