இடைக்கால ஐரோப்பா தாள்: காசு வந்த வழியைப் பிடித்தால் போதும்

எம்.ஏ. வரலாறு முடிவுகள் வந்துவிட்டன, இடைக்கால ஐரோப்பா தாளில் நினைத்ததைவிட நல்ல மதிப்பெண். கூடப் படித்த பலருக்கு இந்தத் தாள்தான் அரியராக நிற்கிறது என்பதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். நிலமானிய முறை, சிலுவைப் போர்கள், போப்பாண்டவருக்கும் மன்னர்களுக்கும் நடந்த தகராறு இதையெல்லாம் எல்லோரும் எப்படியோ படித்துவிடுகிறார்கள். ஆள் சிக்குவது கடைசிப் பகுதியில்தான்: நைட்டுகள் என்ற கவசக் குதிரைவீரர்கள், இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர், நகரங்களும் வணிக வளர்ச்சியும்.

நான் பகலில் ஒரு நூல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். மனப்பாடம் எனக்கு ஒத்துவராது, வரவு செலவு என்றால் ராத்திரி எத்தனை மணிக்கும் கண் விழித்துப் பார்ப்பேன். நான் சொல்லப்போகும் வழி அந்தப் புத்திக்கு ஏற்ற வழி. கதையாகப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நேர்முக வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா ஒருவர், பள்ளி ஆசிரியை, என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, மூணாம் எட்வர்டு ஏன் பிரான்ஸ் மேல படையெடுத்தான்னு கேட்டா எழுதிடுவீங்க. எதை வச்சுப் படையெடுத்தான்னு கேட்டா?" என்னிடம் பதில் இல்லை, நாங்கள் வைத்திருந்த கைடிலும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு போருக்குப் பக்கத்திலும் ஒரே கேள்வியை எழுத ஆரம்பித்தேன்: இதற்குக் காசு கொடுத்தது யார்? இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். மூன்று அலகுகளாக அச்சடித்திருக்கும் பாடம் ஒரே கணக்குப் புத்தகமாகிவிடும்.

சரி, இங்கிலாந்து மன்னரான அந்த எட்வர்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பெரிய ஏற்றுமதி செம்மறியாட்டுக் கம்பளி. அதை வாங்கித் துணி நெய்தவை, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் பிளாண்டர்ஸ் நகரங்களான கென்ட், புரூஜ், ஈப்ரு. பிளாண்டர்ஸ் பிரபுவோ பிரெஞ்சு மன்னரின் ஆள். 1336இல் எட்வர்டு பிளாண்டர்ஸுக்குப் போகும் கம்பளியை நிறுத்தினார், தறிகள் நின்றன, கென்ட் நகரம் வான் ஆர்ட்டவெல்டே தலைமையில் பிரபுவை எதிர்த்து இங்கிலாந்துப் பக்கம் சாய்ந்தது. 1340 ஜனவரியில் எட்வர்டு தன்னைப் பிரான்சின் மன்னர் என்று அறிவித்துக்கொண்டது பாரிசில் அல்ல, அதே கென்ட் நகரத்தில். பிரெஞ்சு அரியணை யாருக்கு என்ற வாரிசுரிமைப் பூசலோடு இதையும் சேர்த்து எழுதினால்தான் 'நூறாண்டுப் போரின் காரணங்கள்' என்ற விடை முழுசாகிறது. வெறும் வம்சாவளி வரைந்துவிட்டு வருகிறவர்கள் பாதி மதிப்பெண்ணை அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து செலவு. கம்பளி வரி வந்து சேரும் வரை படை காத்திருக்காது, அதனால் கடன். பிளாரன்ஸ் நகரத்து பார்டி, பெருட்சி வங்கிகள் கொடுத்தன. அதுவும் போதாமல் மன்னர் தன் கிரீடத்தையே அடகு வைத்தார். 1340 கடைசியில் கடன் கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் கென்டிலிருந்து கிளம்பி நள்ளிரவில் லண்டன் கோட்டைக்கு வந்து இறங்கினார். 1343இல் பெருட்சி திவால், 1346இல் பார்டி திவால். இங்கே ஒரு எச்சரிக்கை: 'எட்வர்டு கடனைத் திருப்பித் தராததால் வங்கிகள் விழுந்தன' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். லுக்கா நகரத்துக்காகப் பிளாரன்ஸ் நடத்திய போரின் செலவும் உள்ளூர் அரசியல் குழப்பமும் சேர்ந்துதான் அவற்றைக் கவிழ்த்தன என்பது இப்போதைய ஆய்வாளர்கள் வைக்கும் வாதம். இந்த ஒரு வரி சேர்ந்தால் உங்கள் விடை கைடு விடையிலிருந்து பிரிந்து தெரியும்.

பார்டி விழுந்த அதே 1346இல்தான் கிரெசியில் எட்வர்டு பிரெஞ்சுப் படையை வென்றார். அடுத்த ஆண்டு கலே துறைமுகம் கைக்கு வந்தது. 1363இல் கம்பளி ஏற்றுமதிக்கான கட்டாயச் சந்தையை அங்கேயே வைத்தார்கள். இந்தக் கலேயை நான் திரும்பத் திரும்பப் படித்தேன், ஏனென்றால் 1466 முதல் கோட்டைக் காவல் படைக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பையே கம்பளி வணிகர் சங்கம் ஏற்றுக்கொண்டது. மன்னரின் கோட்டை, வணிகரின் சம்பளப் பட்டியல். போரும் வணிகமும் எப்படிப் பிணைந்தன என்று எந்த வடிவத்தில் கேட்டாலும் இந்த உதாரணம் ஒன்று போதும்.

நைட்டுகள் பற்றிய கேள்விக்கு என் கையில் இருந்தது சம்பளக் கணக்கு. நிலம் வாங்கியதற்குப் பதிலாக ஆண்டுக்கு 40 நாள் சேவை என்ற பழைய ஏற்பாடு கடல் கடந்த போருக்கு உதவவில்லை. அதனால் எழுத்து ஒப்பந்தம் வந்தது. ஒரே தாளில் இரண்டு பிரதி எழுதி நடுவில் பல் பல்லாக வெட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொள்வார்கள், தகராறு வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். நூறாண்டுப் போரில் ஆங்கிலப் படையின் வழக்கமான நாள் கூலி இது:

- கொடி பிடிக்கும் உரிமை பெற்ற நைட்: 4 ஷில்லிங்
- சாதாரண நைட்: 2 ஷில்லிங்
- எஸ்குயர் (நைட் பட்டம் பெறாத கவச வீரன்): 1 ஷில்லிங்
- குதிரையில் வரும் வில்லாளி: 6 பென்னி
- நடந்து வரும் வில்லாளி: 3 பென்னி

ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. அப்படியானால் ஒரு சாதாரண நைட்டின் கூலியில் நடந்து வரும் எட்டு வில்லாளிகளை நிறுத்தலாம். கிரெசியிலும் அஜின்கோர்ட்டிலும் ஆங்கிலப் படையில் ஏன் அத்தனை வில்லாளிகள் என்பதற்கு வில்லின் பெருமையோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று எழுதினேன். இது நானே போட்ட கணக்கு, எழுதும்போது கை நடுங்காத ஒரே பக்கம் அதுதான். இதே பட்டியல் 1381 விவசாயிகள் எழுச்சிக்கும் உதவும்: போர்ச் செலவுக்காகப் போட்ட தலைவரி 1377இல் ஆளுக்கு 4 பென்னி, 1380இல் 12 பென்னி. வில்லாளியின் நான்கு நாள் கூலி வரியாகப் போனால் ஊர் கொதிக்காமல் என்ன செய்யும்?

'நைட்டுகளின் வீழ்ச்சிக்கு வெடிமருந்தே காரணம், விவாதி' என்று கட்டுரை வினா வந்திருந்தது. கைடு 'ஆம்' என்று ஆரம்பிக்கும். நான் 'முழுக்கச் சரியல்ல' என்று ஆரம்பித்தேன். 1302இல் கோர்ட்ரே. வெடிமருந்து அங்கே இல்லை. பிளாண்டர்ஸ் நகரங்களின் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் ஈட்டியும் முள் வைத்த தடியுமாக ஓடைகளுக்குப் பின்னால் நெருக்கமாக நின்று, ஆர்ட்வா பிரபு ராபர்ட்டின் பிரெஞ்சுக் குதிரைப் படையை அடித்து நொறுக்கினார்கள். ராபர்ட்டும் அங்கேயே செத்தார். விழுந்த நைட்டுகளின் தங்கக் குதிமுட்களைப் பொறுக்கி ஊர் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள், எண்பது ஆண்டு கழித்து, 1382இல், ரோஸ்பேக்கேயில் வென்ற பிரெஞ்சுக்காரர்கள் வந்து எடுத்துப் போகும் வரை அவை அங்கே இருந்தன. அந்தப் போரில் நின்ற நகரத்தான் துணி விற்ற காசில் ஆயுதம் வாங்கியவன், தன் தொழில் சங்கத்தோடு சேர்ந்தே களத்துக்கு வந்தவன். காலாட்கள் குதிரைவீரர்களை வென்ற 1314 பான்னக்பர்ன் (ஸ்காட்லாந்து), 1315 மோர்கார்டன் (சுவிஸ்) இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் வாதம் உறுதியாகிவிடும்.

எதிர்ப்பக்கமும் எழுத வேண்டும். 1453 காஸ்டியோனில் பிரெஞ்சுத் தரப்பின் பியூரோவின் பீரங்கிகள் முன்னால் ஆங்கிலத் தளபதி டால்பட்டின் படை அழிந்தது உண்மை. ஆனால் நைட்டுகளின் முழுத் தகட்டுக் கவசம் தன் உச்சத்தைத் தொட்டதும் அதே 15ஆம் நூற்றாண்டில்தான். 1445இல் பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸ் அமைத்த நிலைப்படையின் மையமே கவசக் குதிரைவீரன்தான், என்ன, அவனுக்குச் சம்பளம் மன்னர் விதித்த நிரந்தர வரியிலிருந்து வந்தது. நைட் மறையவில்லை, சம்பளக்காரனாகிவிட்டார் என்பதே என் முடிவுரை. மான உணர்வும் கொடிச் சின்னமும் சடங்கும் குறையவில்லை, இன்னும் கூடின. இங்கிலாந்தின் கார்ட்டர் என்ற நைட்டுகள் அமைப்பு 1348. பர்கண்டி கோமகன் பிலிப் 1430இல் தங்கக் கம்பளித்தோல் பெயரில் நைட்டுகள் அமைப்பைத் தொடங்கிய இடம் புரூஜ். கம்பளித் துணியில் செழித்த பிளாண்டர்ஸையும் ஆண்ட கோமகன் என்பதை மறக்காதீர்கள்.

பிரெஞ்சுப் பக்கத்துக்கு ஒரே ஒரு நாணயம் போதும். 1356 புவாட்டியே போரில் மன்னர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1360 உடன்படிக்கையில் மீட்புப்பணம் 30 லட்சம் தங்க எக்கூ. அவர் விடுதலையாகி வந்த 1360 டிசம்பரில் அடித்த முதல் பிராங்க் நாணயத்தைப் படத்தில் பாருங்கள்: மன்னர் முழுக் கவசத்தில், தலைக்குமேல் வாளோங்கி, பாயும் குதிரைமேல். தோற்றுச் சிறைப்பட்ட மன்னரை வெற்றி வீரராகக் காட்டும் தங்கக் காசு அது. மீட்புப்பணம் கட்டச் சரக்கு விற்பனை மீதும் உப்பு மீதும் மது மீதும் வரி போட்டார்கள், அப்படி வந்த வரிகள்தான் பிரெஞ்சு முடியாட்சியின் வருமானத்துக்கு அடித்தளமாகின. பிணையாக நின்ற மகன் தப்பி ஓடியதும் ஜான் தானே லண்டன் திரும்பி 1364இல் அங்கேயே இறந்தார். நைட்டுகளின் வீரப்பண்பு பற்றி உருக்கமாக எழுத ஒரு பத்தி வேண்டுமென்றால் இதை வையுங்கள், எனக்கே படிக்கும்போது மனம் கனத்தது.

அந்த 1360 சமாதானம் இன்னொரு வாசலைத் திறந்தது. வேலை போன படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகக் கொள்ளையில் இறங்கி, ஆண்டு முடிவதற்குள் ரோன் நதிக்கரையில் பான்-செயின்ட்-எஸ்பிரியைப் பிடித்து, போப் இருந்த அவிஞ்ஞோனையே மிரட்டினார்கள். ஒரு பகுதியினர் ஆல்ப்ஸ் தாண்டி இத்தாலிக்குப் போய்க் கூலிப்படையானார்கள். ஜான் ஹாக்வுட் பீசா, மிலான், போப், பிளாரன்ஸ் என்று பலருக்கும் ஒப்பந்தத்தில் சண்டை போட்டவர். அதே காலத்தில் அவிஞ்ஞோனில் கடை வைத்துக் கவசமும் ஆயுதமும் விற்றுப் பணக்காரரானவர் பிராட்டோ ஊர் தாத்தினி. அவர் விட்டுச்சென்ற கடிதங்கள் மட்டும் சுமார் 1,50,000 இன்றும் பிராட்டோவில் இருக்கின்றன. அவருடைய கணக்குப் பேரேடுகளின் முகப்பில் 'கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும்' என்று எழுதியிருக்கும். நம் கம்பெனியில் புதுக் கணக்குப் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போடுவது எனக்கு உடனே ஞாபகம் வந்தது, அதன்பின் அந்தப் பெயர் மறக்கவே இல்லை.

வணிக வளர்ச்சி மட்டும் தனியாகக் கேட்டால், இந்த வரிசையில் போங்கள், மற்றதைச் சுருக்கிவிடுங்கள்:

- ஷாம்பெய்ன் சந்தைகள்: ட்ருவா, புரோவேன், லாஞ்ஞி, பார்-சூர்-ஓப். இத்தாலிய வணிகரும் பிளாண்டர்ஸ் துணி வணிகரும் சந்தித்த இடம்.
- 1277இல் ஜெனோவா கப்பல் ஜிப்ரால்டர் வழியாகப் பிளாண்டர்ஸ் போனது. கடல்வழி வந்ததும் சந்தைகள் தளர்ந்தன.
- தங்க நாணயம்: பிளாரன்ஸின் பிளாரின் 1252, வெனிஸின் டூக்கட் 1284.
- மாற்றுச்சீட்டு, கடல் காப்பீடு, இரட்டைப் பதிவுக் கணக்கு. மூன்றையும் பெயர் சொல்லி விடாமல் எப்படி வேலை செய்தன என்று இரண்டிரண்டு வரி எழுதுங்கள்.
- ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டணி.

ஹன்சாவை மட்டும் விரித்தே எழுதுங்கள். லூபெக் தலைமையில் வட ஜெர்மன் நகரங்கள், வெளியே லண்டன், புரூஜ், பெர்கன், நோவ்கோரோடு என நான்கு பெரிய நிலையங்கள். டென்மார்க் மன்னர் நான்காம் வால்டமாரோடு மோதல் வந்தபோது 1367இல் கொலோனில் கூடி, கப்பல்கள் மீதும் சரக்கு மீதும் ஒரு சுங்கம் போட்டு அந்தக் காசிலேயே போர் நடத்தினார்கள். 1370 ஸ்டிரால்சுண்ட் உடன்படிக்கையில், இன்றைய தெற்கு ஸ்வீடனில் இருக்கும் ஸ்கோனேயில் நான்கு கோட்டைகளும் அங்கே வரும் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கும் 15 ஆண்டுக்குக் கிடைத்தன. ஸ்வீடன் மன்னர் போன்ற கூட்டாளிகள் உடன் இருந்தாலும், தங்கள் காசிலேயே வணிகர்கள் ஒரு மன்னரை வென்றார்கள். 'காசு கொடுத்தது யார்' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இந்தத் தாளில் கிடையாது.

இன்னொரு நுட்பம், இது பலர் கண்ணில் படுவதில்லை. இங்கிலாந்தில் கம்பளி ஏற்றுமதிக்கு வரி அதிகம், துணி ஏற்றுமதிக்கு வரி மிகக் குறைவு. அதனால் அதே கம்பளியை உள்ளூரிலேயே நெய்து விற்பது ஆங்கிலேயருக்கு லாபமாகிவிட்டது. போருக்காகப் போட்ட வரி, யாரும் திட்டமிடாமலே, இங்கிலாந்தின் துணித் தொழிலை வளர்த்தது, பிளாண்டர்ஸ் தறிகளுக்கு அடி விழுந்தது. நூல் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் என்பதாலோ என்னவோ, இதைப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தேர்வறையில் செய்தவை:

- கட்டுரை வினாவுக்கு முன் ஓரத்தில் நான்கு ஆண்டுகளை எழுதிக்கொண்டேன்: 1302, 1347, 1360, 1453. எல்லா விடையும் இந்த நான்கைச் சுற்றித்தான் நகர்ந்தது.
- வரைபடம் கேட்காவிட்டாலும் வரையுங்கள். லண்டன், கலே, புரூஜ், பிளாரன்ஸ், லூபெக் ஐந்து புள்ளி போதும்.
- கொள்ளைநோயைத் தனிக் கேள்வியாக வந்தால் மட்டும் தொடுங்கள். மற்ற விடைகளில் அது நுழைந்தால் பக்கம் முழுக்க அதுவே நிரம்பிவிடும்.
- ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். அதே இடத்தில் ஜாக் கேர் பற்றி எழுதுங்கள்: பூர்ஷ் ஊர் வணிகர், 1449-50 நார்மண்டி மீட்புப் போருக்கு ஏழாம் சார்லஸுக்குக் கடன் கொடுத்தவர், 1451இல் அதே மன்னரால் கைதானவர், தப்பிப்போய் 1456இல் கியோஸ் தீவில் இறந்தவர். மன்னருக்குக் கடன் கொடுத்தவன் கதி என்ன என்பதற்குப் பார்டி, பெருட்சிக்குப் பிறகு இவர்தான் சாட்சி, இரண்டையும் ஒரே விடையில் சேர்த்து எழுதியவர்கள் எங்கள் மையத்தில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.